பெரில் புயலும் பொங்கிய இட்லி மாவும்

2024 ஜூலை 8 அதிகாலை பெரில் புயல் டெக்சாஸ் கடற்கரையைத் தாக்கியது. ஹூஸ்டனில் எங்கள் தெருவில் கரண்ட் திரும்ப நான்கு நாள் ஆனது. காற்றைவிட அதன் பிறகு அடித்த வெயில்தான் வாட்டியது.

முதல் தப்பு என்னுடையது. ஃப்ரிட்ஜை அடிக்கடி திறந்து பார்த்தேன். மூடியே வைத்தால்தான் நான்கு மணி நேரம் தாங்கும். நிறைந்த ஃப்ரீசர் 48 மணி நேரம். மதியத்துக்குள் பாலைக் கொட்ட வேண்டியதாயிற்று. இட்லி மாவோ பொங்கி டப்பா மூடியைத் தள்ளிக்கொண்டு நின்றது. நல்லவேளை, கேஸ் அடுப்பு. தீக்குச்சியால் பற்றவைத்து, மாவு முழுவதையும் ஊத்தப்பமாக வார்த்துப் பக்கத்து வீட்டுக்கும் கொடுத்தேன். அப்புறம் அந்தந்த வேளைக்கு மட்டும் சமையல்: சாதம், ரசம், ஊறுகாய்.

போனுக்கு கார் சார்ஜர்தான் கதி. கராஜ் கதவும் கரண்டில்தான் ஓடும். மேலே தொங்கும் சிவப்புக் கயிற்றை இழுத்துவிட்டால் கையால் தூக்கலாம் என்பது அன்றுதான் தெரிந்தது. காரை வாசலில் நிறுத்தித்தான் சார்ஜ் போட்டோம். எஞ்சின் புகையில் வரும் கார்பன் மோனாக்சைடு என்ற விஷவாயுவுக்கு வாசனையே கிடையாது. பக்கத்து வீட்டுக்காரர் ஜெனரேட்டரை கராஜில் வைக்கப் போனார். ஜன்னலிலிருந்து 20 அடி தள்ளி வையுங்கள் என்றேன். முகம் சுளித்தார், ஆனாலும் நகர்த்தினார். ஊத்தப்பம் வேலை செய்திருக்கும்.