சில்வர் பீச்சில் கடலில் இறங்கும் முன்

கடலூர் தேவனாம்பட்டினம் சில்வர் பீச்சில் மீன் வறுத்து விற்கிறேன். அப்பா கட்டுமரத்தில் போனவர். அடுப்புக்கு முன்னால் நின்றபடி நாள் முழுக்கக் கடலையும் பார்க்கிறேன், பண்ருட்டி, நெய்வேலி, விழுப்புரம் என்று பல ஊர்களிலிருந்து வரும் குடும்பங்களையும் பார்க்கிறேன். காணும் பொங்கலன்று மணலே தெரியாது. வண்டியை நிறுத்திய கையோடு செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டுத் தண்ணீருக்கு ஓடுவார்கள். அப்போதெல்லாம் எனக்கு வயிற்றைக் கலக்கும்.

ஓடாதீர்கள். கால் மணி நேரம் மணலில் உட்கார்ந்து கடலைப் பாருங்கள். அலை வெள்ளை நுரையோடு வரிசையாக உடையும். நடுவில் ஓரிடம் மட்டும் உடையாமல், கொஞ்சம் கறுத்தோ மணல் கலங்கியோ, அமைதியாகத் தெரியும். "இங்கே அலை கம்மியா இருக்கு" என்று குழந்தையைக் கூட்டிக்கொண்டு சரியாக அங்கேதான் போகிறார்கள். அதுதான் இழுக்கும் இடம். அலை கரையில் கொண்டுவந்து கொட்டும் தண்ணீர் திரும்பிப் போக வேண்டும் அல்லவா? கடலுக்கடியில் கரையை ஒட்டி மணல் மேடு இருக்கும். அந்த மேட்டில் எங்கே பள்ளம் விழுந்திருக்கிறதோ, அந்த வழியாக ஆறு மாதிரி வெளியே ஓடும். அங்கே ஆழம் அதிகம், அதனால்தான் அலை உடைவதில்லை. பலமான நாளில் வினாடிக்கு 2 மீட்டருக்கு மேல்கூட இழுக்கும். நன்றாக நீந்துகிறவரும் அதை எதிர்த்துக் கரைக்கு வர முடியாது.

பள்ளம் ஒரே இடத்தில் இருக்காது. போன மாதம் குளித்த இடம்தானே என்ற கணக்கு உதவாது. சந்தேகமாக இருந்தால் அப்பா செய்வது போல ஒரு காய்ந்த தேங்காய் மட்டையைத் தண்ணீரில் வீசிப் பாருங்கள். கரைக்குத் திரும்பி வந்தால் சரி. நேராக உள்ளே போனால் அந்தப் பக்கமே வேண்டாம்.

கெடிலமும் தென்பெண்ணையும் கடலில் கலக்கும் முகத்துவாரங்களில் எந்த நாளும் இறங்காதீர்கள். புதுச்சேரிக்குப் போனால், கடற்கரைச் சாலையில் கல் கொட்டியிருக்கும் இடத்திலும் அப்படியே. கல்லை ஒட்டியும் தண்ணீர் வெளியே இழுக்கும், அலை தூக்கிக் கல்லில் அடித்தால் எழுந்து வர முடியாது. கடலூர் துறைமுகத்தில் புயல் கூண்டு ஏற்றியிருந்தால், ஒன்றாம் எண் கூண்டாக இருந்தாலும், கரையிலேயே இருங்கள். இங்கே வெயில் அடிக்கும்போதே தூரத்துப் புயலின் அலை வந்துவிடும்.

புடவை, துப்பட்டா, ஜீன்ஸ் எல்லாம் நனைந்தால் காலைக் கட்டிப்போடும். பெண்கள் சுடிதாரை இறுக்கமாகக் கட்டிக்கொண்டு, துப்பட்டாவைக் கரையில் வைத்துவிட்டுப் போங்கள். பெரியவர்களுக்கு இடுப்பளவு, பிள்ளைகளுக்கு முழங்காலளவு போதும். பிள்ளையின் விரலைப் பிடிக்காதீர்கள், மணிக்கட்டைப் பிடியுங்கள். ஈர விரல் வழுக்கிவிடும். குடித்தவரைத் தண்ணீர்ப் பக்கமே விடாதீர்கள்.

இழுத்துவிட்டதா? அது உங்களை அடியில் அமுக்காது, வெளியேதான் கொண்டுபோகும். கரையைப் பார்த்து நீந்தினால் சோர்ந்துபோவீர்கள், சோர்வுதான் ஆளை மூழ்கடிக்கிறது. மல்லாந்து மிதந்து ஒரு கையைத் தூக்கிக் காட்டுங்கள். தெம்பு இருந்தால் கரைக்கு இணையாக, அலை உடையும் பக்கம் பார்த்து நீந்துங்கள். அங்கே போய்விட்டால் அலையே கரைக்குத் தள்ளும். என் அண்ணன் அப்படித்தான் தப்பித்தான். வடக்கே வெகு தூரம் தள்ளிக் கரையேறி, மணலில் நடந்தே வீட்டுக்கு வந்து சேர்ந்தான்.

எல்லோர் கதையும் என் அண்ணன் கதை மாதிரி முடியவில்லை. ஒரு காணும் பொங்கலன்று, என் கடையில் சாப்பிட்டுவிட்டுப் போன இரண்டு சகோதரர்களில் தம்பியை இழுத்தது. அண்ணன்காரர் யோசிக்காமல் குதித்தார். தம்பியைப் படகுக்காரர்கள் தூக்கிவிட்டார்கள். அண்ணன்காரரின் உடல் மறுநாள்தான் கரை ஒதுங்கியது. அவர் சாப்பிட்ட தட்டை அன்று இரவு நான்தான் கழுவினேன்.

ஆகவே பின்னாலேயே குதிக்காதீர்கள். மூழ்குகிறவர் பெரும்பாலும் கத்த மாட்டார், தலை மட்டும் மேலும் கீழும் போகும். பார்த்தவுடன் கூச்சல் போட்டு மீனவர்களைக் கூப்பிடுங்கள், மிதக்கிற எதையாவது வீசுங்கள். மூடிய காலி கேன் ஓர் ஆளைத் தாங்கும்.

கரைக்குக் கொண்டுவந்தவரைத் தலைகீழாகத் தூக்கிச் சுற்றுவதும் வயிற்றை அமுக்குவதும் இன்னும் இங்கே நடக்கிறது. செய்யாதீர்கள், வயிற்றில் இருப்பது நுரையீரலுக்குள் போய்விடும். மூச்சு இல்லையென்றால் தலையைச் சற்றுப் பின்னால் சாய்த்து, மூக்கைப் பிடித்து, வாயோடு வாய் வைத்து ஊதுங்கள். அப்புறம் மார்பின் நடுவில் 30 முறை வேகமாக அழுத்தி, 2 முறை ஊத வேண்டும். 108 வரும்வரை விடாமல் செய்யுங்கள். எழுந்து உட்கார்ந்து பேசினாலும் மருத்துவமனைக்கு அனுப்பிவையுங்கள். நுரையீரலில் போன தண்ணீர் சில மணி நேரம் கழித்துக்கூட மூச்சுத் திணற வைக்கும்.

அந்தப் பொங்கலுக்குப் பிறகு என் கடையின் இடது கம்பத்தில் நைலான் கயிறு கட்டிய காலி எண்ணெய் கேன் ஒன்றைத் தொங்கவிட்டிருக்கிறேன். இதுவரை இரண்டு முறை அவிழ்த்திருக்கிறார்கள். கேட்காமலே எடுங்கள். வீசும் முன் மூடி இறுக்கமாக இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள்.