48 வயதில் நுங்கு வண்டி

சித்திரை பிறந்துவிட்டால் எங்கள் ராமநாதபுரத்துத் தெருவில் பையன்கள் நுங்கு வண்டியோடுதான் திரிவார்கள். சுளை தின்ற இரண்டு பனங்காயைக் குச்சியில் சக்கரமாகக் கோத்து, கம்பால் தள்ளி ஓட்டும் வண்டி அது. அண்ணன் ஓட்டுவார், நான் பின்னால் ஓடுவேன். "பெண் பிள்ளைக்கு வண்டி எதற்கு?" என்று அப்பத்தா கேட்டதோடு என் ஆசை அடங்கிப்போனது. போன வைகாசியில், மதுரையில், அதைத் தீர்த்துக்கொண்டேன். சிறுவயதுச் சந்தோஷத்தை உட்கார்ந்து நினைத்தால் ஏக்கம்தான் மிஞ்சும். கையால் ஒன்றைச் செய்து, அதோடு ஓடிப் பாருங்கள்.

முதலில் காய். நகரத்தில் சுளையை எடுக்கும்போது காயையே சிதைத்துவிடுவார்கள். "அண்ணே, தலையை மட்டும் சீவிக் கொடுங்கள், நானே நோண்டிக்கொள்கிறேன்" என்று கேளுங்கள். ஒரே அளவில் இரண்டு காய் வேண்டும். மிக இளசாக இருந்தால் அச்சு நிற்காது. ஸ்பூன் வேண்டாம். கட்டைவிரலை விட்டு, அங்கேயே நின்று தின்னுங்கள். நீர் முழங்கை வரை வழியட்டும். பழைய உடையில் போவது நல்லது, கறை லேசில் போகாது.

அச்சுக்கு ஒன்றரைச் சாண் வேப்பங்குச்சி, பெருவிரல் பருமனில். இரண்டு முனையையும் பென்சில்போல் சீவி, காயின் அடிப்பக்கத்தில் நட்டநடுவே குத்துங்கள். சுளை எடுத்த மூன்று கண்ணும் வெளியே பார்க்க வேண்டும். நார் எளிதில் விடாது. குத்தி, திருகி, தரையில் தட்டித்தான் ஏற்ற வேண்டும். எனக்கு முதல் சக்கரம் ஒரு விரற்கடை விலகிவிட்டது, வண்டி நொண்டியது. பிடுங்கி மறுபடி குத்தினால் துளை பெரிதாகி ஆடியது. அரை மணி நேரம் திண்ணையில் உட்கார்ந்து யோசித்து, குச்சியின் முனையில் தேங்காய் நாரைச் சுற்றி இறுக்கினேன். கச்சிதமாக நின்றது! படம் பார்த்துச் செய்திருந்தால் அந்த நார் எனக்குத் தோன்றியே இருக்காது. கைப்பேசியை வீட்டுக்குள் வைத்துவிடுங்கள்.

தள்ளுவதற்குக் கவட்டைக் கம்பு. உங்கள் நெஞ்சளவு உயரம் இருக்கட்டும், குட்டையாக இருந்தால் இடுப்பு பிடித்துக்கொள்ளும். கவட்டையின் உட்புறம் பட்டையை உரித்துத் தேங்காய் எண்ணெய் தடவினால் அச்சு தடையில்லாமல் சுழலும்.

இனி ஓட்டம். நான் முதலில் மொட்டை மாடியில் யாருக்கும் தெரியாமல் ஓட்டினேன், சுகப்படவில்லை. மாலை ஐந்தரைக்குத் தெருவில் இறங்கினேன். கம்பைச் சாய்த்தால் வண்டி வளையும், அழுத்தினால் நிற்கும். வாயால் 'டுர்ர்' சத்தம் கட்டாயம் கொடுக்க வேண்டும். அது இல்லாமல் ஓட்டினால் வெறும் காயைத்தான் தள்ளிக்கொண்டு போவீர்கள். பத்தடி போவதற்குள் எதிர்வீட்டுச் சிறுமி வந்துவிட்டாள். "அத்தை, எனக்கு ஒரு ரவுண்டு!" ஓட்டிவிட்டு, காயின் ஆறு கண்ணிலும் ஆறு செம்பருத்தியைச் செருகித் திருப்பித் தந்தாள்.

சில நாளில் காய் காய்ந்து சுருங்கும், அச்சு கழன்றுவிடும். அடுத்த வண்டிக்குக் காய் வாங்கப் போங்கள். ஆனி வரை நுங்கு கிடைக்கும்.

அன்று இரவு சென்னையில் இருக்கும் அண்ணனுக்குப் போன் செய்து, வண்டி ஓட்டினேன் என்றேன். கவட்டை என்ன மரம் என்றுதான் முதலில் கேட்டார்.