கப்பல் ஊழியருக்கு அன்பளிப்பு: எந்த நாட்டுப் பணத்தில் கொடுப்பது?

பால்மரக் காட்டிலும் செம்பனைத் தோட்டத்திலும் உழைத்து ஓய்வுபெற்ற பெற்றோரைப் பிள்ளைகள் உல்லாசக் கப்பலில் அனுப்பிவைப்பது மலேசியாவில் சுங்கை சிப்புட் போன்ற பட்டணங்களில் இப்போது அரிதல்ல. கிள்ளான் துறைமுகத்திலோ பினாங்கின் சுவெட்டன்ஹம் துறையிலோ சிங்கப்பூரிலோ அவர்கள் கப்பல் ஏறுகிறார்கள். அறையைச் சுத்தம் செய்பவருக்கும் உணவு பரிமாறுபவருக்கும் தம் கையால் ஏதாவது கொடுக்க வேண்டும் என்று நினைக்கும்போது, மலேசிய வெள்ளியாகவே (ரிங்கிட்) கொடுத்துவிடலாமா, டாலராக மாற்ற வேண்டுமா என்ற குழப்பம் எழுகிறது. நம் கைப்பையில் எந்தப் பணம் மிஞ்சியிருக்கிறது என்பதை விட்டுவிட்டு, வாங்குகிறவர் அதை எங்கே செலவழிப்பார் என்று பார்த்து முடிவு செய்வதே சரி என்பது என் உறுதியான கருத்து.

முதலில் பயணச் சீட்டைப் படித்துப் பாருங்கள். பெரும்பாலான கப்பல்களில் ஒவ்வொரு பயணிக்கும் நாள்தோறும் ஒரு சேவைத் தொகை கணக்கில் தானாகவே சேர்ந்துவிடும். பெரிய அமெரிக்க நிறுவனங்களில் அது ஏறத்தாழ 16 முதல் 20 டாலர் வரை இருக்கும், சில நிறுவனங்களில் கட்டணத்திலேயே அடங்கியிருக்கும். அந்தத் தொகையை நீக்கச் சொல்லிவிட்டு ரொக்கமாகக் கொடுப்பது நல்ல யோசனை அல்ல, ஏனென்றால் அது சலவை அறையிலும் சமையற்கட்டிலும் நம் கண்ணில் படாமல் உழைப்பவர்களுக்கும் பகிரப்படுவது. நாம் இங்கே பேசுவது அதற்கு மேலாக, மனம் நிறைந்து கொடுப்பதைப் பற்றித்தான்.

அந்த ஊழியர்களில் பெரும்பகுதியினர் பிலிப்பைன்ஸ், இந்தோனேசியா, இந்தியா ஆகிய நாடுகளைச் சேர்ந்தவர்கள். ஆறு முதல் பத்து மாதம் வரையிலான ஒப்பந்தத்தில், வாரத்தின் ஏழு நாளும் வேலை செய்து, சம்பளத்தை வீட்டுக்கு அனுப்புகிறவர்கள். கப்பல் எங்கே போனாலும், ஊருக்குத் திரும்பினாலும், அமெரிக்க டாலரை அவர்களால் மாற்ற முடியும் என்பதால் அதுவே முதல் தேர்வு. சிங்கப்பூரிலிருந்து புறப்பட்டு அங்கேயே திரும்பும் பயணமென்றால் சிங்கப்பூர் வெள்ளி ஏறக்குறைய அதே அளவு பயன்படும். இந்தோனேசியர்களுக்கு அதைச் சொந்த ஊரில் மாற்றுவதும் எளிது. ஐரோப்பியக் கடலில் செல்லும் கப்பல் யூரோவில் கணக்கு வைத்திருந்தால் யூரோ நோட்டுக் கொடுங்கள்.

ரிங்கிட் கூடவே கூடாது என்று சொல்லமாட்டேன். கிள்ளானுக்கும் பினாங்குக்கும் அடிக்கடி வந்துபோகும் கப்பலின் ஊழியர்கள் ஓய்வு கிடைக்கும் சில மணி நேரத்தில் கரையிறங்கிச் சோப்பும் தின்பண்டமும் வாங்குவதுண்டு. அவர்களுக்குப் பத்து, இருபது வெள்ளித் தாள் உதவும். ஆனால் 1998க்குப் பிறகு ரிங்கிட் அயல்நாட்டுச் சந்தையில் புழங்காத பணமாகிவிட்டதால், அண்டை நாடுகளைத் தாண்டிவிட்டால் அதை மாற்றுவது கடினம். சென் காசுகளைக் கொடுக்கவே வேண்டாம். எந்த நாட்டு நாணயமாற்றுக் கடையும் பிற நாட்டுச் சில்லறைக் காசைப் பொதுவாக ஏற்பதில்லை. அது வாங்கியவரின் இழுப்பறையிலேயே கிடந்துவிடும்.

எந்தப் பணம் என்பதைப் போலவே எந்த நோட்டு என்பதும் முக்கியம். கிழிசல், மைக்கறை, முத்திரை அடித்த தழும்பு ஆகியவை உள்ள டாலர் நோட்டை மணிலாவிலும் ஜகார்த்தாவிலும் பல கடைகள் திருப்பிக் கொடுத்துவிடும். ஒன்று, ஐந்து டாலர் தாள்களுக்கு நூறு டாலர் தாளைவிடக் குறைந்த விலை போடுவதும் வழக்கம். ஆகவே தினமும் ஒவ்வொரு டாலராகக் கொடுப்பதைவிட, ஒருவருக்கு இருபது டாலர் கொடுக்க எண்ணியிருந்தால் ஒரே இருபது டாலர் தாளாகக் கொடுப்பது அவருக்கு லாபம். அறைக்குச் சாப்பாடு கொண்டுவருபவருக்கு மட்டும் சில ஒற்றை டாலர்கள் தனியே இருக்கட்டும். ஈப்போவில் பணம் மாற்றும்போது பத்தும் இருபதுமாக வேண்டும் என்று முன்கூட்டியே கேட்டு, ஒவ்வொரு தாளையும் வெளிச்சத்தில் விரித்துப் பார்த்து வாங்குங்கள். கப்பலின் சேவை மேசையிலும் சில வேளை மாற்றித் தருவார்கள், ஆனால் விகிதம் நமக்குச் சாதகமாக இருக்காது.

தீபாவளிக்கு வாங்கி மீந்த அன்பளிப்பு உறையில் இட்டு, பெயரைச் சொல்லி, கடைசி இரவுக்கு முந்திய நாளே நேரில் கொடுங்கள். இறங்கும் காலையில் அவர்கள் அடுத்த பயணிகளுக்காக ஓடிக்கொண்டிருப்பார்கள். கப்பல் தலைவருக்கும் அதிகாரிகளுக்கும் பணம் கொடுக்கும் வழக்கம் இல்லை.

கரையில் கணக்கு வேறு. பூக்கெட்டில் வேன் ஓட்டுபவருக்குத் தாய்லாந்து பாட், பினாங்கில் பெட்டி தூக்குபவருக்கு ரிங்கிட் என்று அந்தந்த ஊர்ப் பணமே பொருத்தம். கையில் எந்த ரொக்கமும் இல்லாத நிலையில், சேவை மேசைக்குப் போய் ஊழியரின் பெயரைச் சொல்லி உங்கள் கணக்கில் கூடுதல் தொகை சேர்க்க முடியுமா என்று கேளுங்கள். பல கப்பல்களில் இதற்கு வசதி உண்டு, தொகை கப்பலின் நாணயத்திலேயே அவரிடம் போய்ச் சேரும்.