பெட்டியில் வந்த ஃபிளீஸ் சட்டை: போடலாமா, விடலாமா?

மார்கழி, தை மாதங்களில் விடியப்புறம் ஏ9 வீதியில் மோட்டார் சைக்கிள் ஓடுகிறவருக்கும் வயற்காவலுக்குக் கொட்டிலில் படுப்பவருக்கும் ஃபிளீஸ் சட்டை உதவும். சட்டை வெளிநாட்டுப் பெட்டியில் வந்திருக்கலாம், சந்தைக் குவியலில் கிடைத்திருக்கலாம். எதுவானாலும் தடிப்பைப் பார்த்து மயங்காதீர்கள். வன்னிக் குளிருக்கு வெட்டும் தையலும்தான் முக்கியம்.

1. துணி

ஃபிளீஸ் என்பது பொலியெஸ்ரர் நூலில் பின்னி, மேற்பரப்பைச் சுரண்டிப் பஞ்சுபோல எழுப்பிய துணி. லேபலில் 100, 200, 300 என்று இருந்தால் அது ஒரு சதுர மீற்றர் துணியின் கிராம் எடை. சட்டையின் சைஸ் என்று நினைத்துவிட வேண்டாம். இங்கே 100 போதும், 200 தாராளம். 300 நுவரெலியாவுக்குப் போகும்போது உதவும்.

துணியை வாயோடு சேர்த்து ஊதுங்கள். மூச்சு மறுபக்கம் வந்தால் சாதாரண ஃபிளீஸ். ஓடும் சைக்கிளில் காற்றும் அப்படியே உள்ளே வரும், மேலே மெல்லிய மழைக்கோட் ஒன்று வேண்டும். மூச்சு வராவிட்டால் நடுவில் காற்றுத் தடுப்புப் படலம் இருக்கிறது. ஓட்டத்துக்கு அது நல்லது, மண்வெட்டி பிடித்தால் வேர்த்துக் கொட்டும்.

பெருவிரலால் ஒரே இடத்தை இருபது தடவை தேயுங்கள். பஞ்சு உருண்டை கட்டினால் நாலு தோய்ப்பில் சட்டை பழசாகிவிடும்.

2. உட்புறம்

சட்டையை மறுபக்கம் திருப்புங்கள். தையலின் இரு பக்கத்தையும் பிடித்து இழுக்கும்போது நூல் ஏணிப்படிபோல் தெரிந்தால் தையல் தளர்வு. ஒரு சென்ரிமீற்றருக்கு மூன்று, நாலு தையலாவது விழுந்திருக்க வேண்டும். தோள் தையலுக்குள் நாடா வைத்திருக்கிறார்களா என்று பாருங்கள். இல்லையென்றால் பை கொழுவக் கொழுவத் தோள் இழுபட்டுத் தொங்கும்.

சிப்பைப் பூட்டி மேசையில் விரியுங்கள். அது பாம்புபோல் நெளிந்தால், தைக்கும்போது துணியை இழுத்துத் தைத்திருக்கிறார்கள். அதைச் சரிசெய்கிறேன் என்று அயன் பிடிக்காதீர்கள், துணி உருகி மினுங்கும். சிப்புக்குப் பின்னால் துணிப்பட்டி இருந்தால் நெஞ்சில் காற்று ஏறாது. மேல் நுனியை மூடிய சின்ன மடிப்பு இல்லாவிட்டால் சிப் நாடியைச் சுரண்டும்.

3. போட்டுப் பார்த்தல்

கண்ணாடிக்கு முன் நின்று பார்த்தால் எல்லாச் சட்டையும் அளவாகத்தான் தெரியும். உள்ளே ரீசேட் போட்டு, சைக்கிளில் ஏறி இருந்து ஹான்டிலைப் பிடியுங்கள். கை விளிம்பு மணிக்கட்டு எலும்பை மூட வேண்டும், முதுகு இடுப்புக்கு மேல் ஏறக்கூடாது. பிறகு இரண்டு கைகளையும் தலைக்கு மேல் தூக்குங்கள். கீழ்விளிம்பு நாலு விரலுக்கு மேல் உயர்ந்தால் அக்குள் வெட்டு தாழ்வு. அக்குளில் தனித்துண்டு வைத்துத் தைத்த சட்டையில் இந்தக் கரைச்சல் குறைவு.

தொளதொள என்று இருந்தாலும் பிழைதான். ஃபிளீஸ் சூட்டைப் பிடிப்பது பஞ்சுக்குள் அசையாமல் நிற்கும் காற்றால். கீழால் காற்றுப் புகுந்தால் அந்தச் சூடு போய்விடும்.

கொட்டிலில் யானை வராமலிருக்க நெருப்பு மூட்டுகிறவர்கள், இந்தச் சட்டையோடு நெருப்பை விட்டுத் தள்ளியே இருங்கள். ஒரு பொறி பட்டாலே ஓட்டை விழும், உருகிய துணி தோலில் ஒட்டும்.

4. தையற்கடையில் திருத்தக்கூடியவை

கை நீளம், பக்க அகலம், நெளிந்த சிப் மூன்றையும் திருத்தலாம். தோள் அகலமும் அக்குள் வெட்டும் பிழைத்த சட்டைக்குக் காசு செலவழிக்காதீர்கள். அளவான வேறொருவருக்குக் கொடுத்துவிடுங்கள்.