கையைத் திருப்பிப் பார்த்ததில் தெரிந்தது

வலது தோளில் வலி. உயரத்தில் இருக்கும் எதையாவது எடுக்கப் போனால் சுரீர் என்றது. இரவில் அந்தப் பக்கம் படுக்க முடியவில்லை. தோள் மூட்டு இறுகிப்போகும் ‘உறைந்த தோள்’ என்று எல்லோரும் தீர்ப்பு எழுதிவிட்டார்கள். தோள் விஷயத்தில் எல்லோருமே மருத்துவர்கள்தாம்.

எலும்பு மூட்டு மருத்துவர் ஸ்கேன் பேச்சையே எடுக்கவில்லை. கையைப் பக்கவாட்டில் உயர்த்தச் சொன்னார். ஏறத்தாழ 60 டிகிரியிலிருந்து 120 டிகிரி வரை வலித்தது. அதைத் தாண்டியதும் குறைந்தது. பிறகு முழங்கையை விலாவோடு ஒட்டி மடக்கவைத்து, முன்கையை அவரே வெளிப்பக்கம் திருப்பினார். தடையின்றித் திரும்பியது. உறைந்த தோளில் மூட்டுறை இறுகிவிடுவதால், பிறர் திருப்பினாலும் கை அவ்வளவாகத் திரும்பாது. எனக்கு நொந்திருந்தவை தோளைச் சுற்றியுள்ள தசைநாண்கள், அதாவது தசையை எலும்போடு இணைக்கும் நார்கள். அவற்றில் பெரிய கிழிசல் இருந்தால், உயர்த்திய கையை மெல்ல இறக்க முடியாமல் பொத்தென்று விழக்கூடும் என்றார். என் கை விழவில்லை. கழுத்தையும் அசைத்துப் பார்த்தார். அங்கிருந்தும் தோளுக்கு வலி இறங்குமாம்.

சிகிச்சை சலிப்பூட்டும் அளவுக்கு எளிது. தலைக்கு மேல் தூக்கும் வேலையைக் குறைத்தேன். பிசியோதெரபிஸ்ட் ரப்பர் பட்டையை இழுக்கும் பயிற்சியைக் கற்றுத்தந்து, இழுவிசையைச் சிறிது சிறிதாகக் கூட்டினார். வலி போக மாதங்கள் ஆயின. ஆனால் விழுந்து அடிபட்டுத் தோளின் வடிவம் மாறினாலோ, கை மரத்துப்போனாலோ இந்தப் பயிற்சியெல்லாம் கூடாது. உடனே அவசர சிகிச்சைக்குப் போக வேண்டும்.