மின்னணுப் பாகச் சோதனைக் கருவிக்குக் கையடக்கப் பெட்டி அமைக்கும் முறை

டிரான்சிஸ்டர், டயோடு, மின்தேக்கி போன்றவற்றைச் செருகிப் பொத்தானை அழுத்தினால் வகையையும் மதிப்பையும் திரையில் காட்டும் ஏ.டி.மெகா328 சில்லு கொண்ட சோதனைப் பலகை, பெரும்பாலும் மேலுறை ஏதுமின்றி வெற்றுப் பலகையாகவே விற்கப்படுகிறது. மேசைமேல் இருக்கும்வரை அதனால் தொல்லையில்லை. கோலாலம்பூரின் செந்தூலிலிருந்து பத்துமலைக்கு, தைப்பூசப் பந்தலின் ஒலிபெருக்கியைச் சீர்செய்யப் பையில் போட்டுக்கொண்டு போகிறவருக்கு ஒரு பெட்டி கட்டாயம் தேவை. சாவிக்கொத்து உரசினால்கூட அடிப்பக்கத்து ஈயப்புள்ளிகள் ஒன்றோடொன்று இணைந்து பலகை பழுதாகலாம்.

புடு வட்டாரத்து ஜாலான் பாசார் கடைகளில் கிடைக்கும் ஏ.பி.எஸ். நெகிழிப் பெட்டியே இதற்குப் போதும். முப்பரிமாண அச்சில் செய்ய விரும்புவோர் பி.எல்.ஏ. நெகிழி இழையைத் தவிர்க்கவேண்டும், அது ஏறத்தாழ 60 பாகை செல்சியஸிலேயே இளகத் தொடங்கும், நம்மூர் வெயிலில் நிறுத்திய காருக்குள் அந்தச் சூடு அரிதன்று.

பெட்டியின் அளவைப் பலகையின் நீள அகலத்தை வைத்து முடிவுசெய்வதே பலரும் செய்வது. ஆனால் உண்மையில் அதை முடிவுசெய்வது, பாகங்களைச் செருகும் சோதனைச் சாக்கெட்டின் நெம்புகோல்தான். நெம்புகோலை நிமிர்த்தினால் சாக்கெட் திறக்கும், படுக்கவைத்தால் பாகத்தின் கால்களைக் கவ்வும். ஆகவே அது முழு வளைவிலும் மூடியில் இடிக்காமல் அசையவேண்டும், படுத்த நிலையிலும் விரல்நுனி அதன் அடியில் நுழைய இடம் வேண்டும். சாக்கெட்டின் மேற்பரப்பு மூடியைவிட ஒரு மில்லிமீட்டர் உயர்ந்து நிற்குமாறு, பலகையைத் தாங்கும் பித்தளைத் தூண்களின் உயரத்தைத் தேர்ந்தெடுங்கள். சரியான உயரம் கிடைக்காவிட்டால் வாஷர்களை அடுக்கி ஈடுகட்டலாம். சாக்கெட் உள்ளே அமிழ்ந்துவிட்டால், கால் குட்டையான பழைய மின்தேக்கிகளைச் செருகவே முடியாது.

அளவுகளைக் காகிதத்தில் வரைந்து, மாஸ்கிங் டேப் ஒட்டிய மூடியின்மேல் பதியுங்கள். எம்3 திருகுக்கு 3.2 மி.மீ. துளையும், சுழல் குமிழின் மரையிட்ட கழுத்துக்கு வழக்கமாக 7 மி.மீ. துளையும் இடவேண்டும். திரைக்கான சதுரத்தை ஒரே மூச்சில் அறுக்க முயலாமல், கோட்டுக்கு உட்புறமாக 3 மி.மீ. துளைகளை வரிசையாகப் போட்டு நடுத்துண்டைப் பெயர்த்தெடுத்து, எஞ்சியதைத் தட்டை அரத்தால் கோடுவரை தேய்ப்பதே நல்லது. துளைப்பான் வேகமாகச் சுழன்றால் நெகிழி உருகி ஒட்டிக்கொள்ளும்.

மின்சாரத்தைப் பொறுத்தவரை, எப்போதாவது பயன்படுத்துவோருக்கு 9 வோல்ட் மின்கலமே என் பரிந்துரை. நாள்தோறும் பழுதுபார்ப்பவர் 18650 லித்தியம் மின்கலம், பாதுகாப்புச் சுற்றுள்ள டி.பி.4056 மின்னேற்றப் பலகை, எம்.டி.3608 மின்னழுத்த உயர்த்தி ஆகியவற்றைப் பொருத்தலாம். மின்கலத்தின்மேல் நேரடியாக ஈயம் பற்றவைக்காமல் தாங்கியில் வையுங்கள். உயர்த்தியின் வெளியீடு 28 வோல்ட் வரை ஏறக்கூடியது என்பதால், சோதனைப் பலகையை இணைப்பதற்கு முன்பே மல்டிமீட்டரை வைத்து, உயர்த்தியிலுள்ள திருகை 9 வோல்ட்டுக்குத் திருப்பி, அது அசையாதிருக்க அதன்மேல் ஒரு துளி நகப்பூச்சு இட்டுவிடுங்கள். மின்கலத்தை இணைத்துத் துண்டிக்கும் சுவிட்ச், உயர்த்திக்கு முன்னால் வரவேண்டும். பின்னால் வைத்தால், கருவி அணைந்திருக்கும்போதும் உயர்த்தி மின்கலத்தைச் சிறிது சிறிதாகக் கரைத்துக்கொண்டிருக்கும்.

பெட்டியில் சிறிது இடம் மிஞ்சினால் 1 கிலோ ஓம், 5 வாட் மின்தடை ஒன்றை, இரு முனைகளிலும் காப்பிட்ட முதலைக் கவ்விகளுடன் உள்ளே வையுங்கள். மின்னேறிய மின்தேக்கியைச் செருகினால் இந்தக் கருவியின் சில்லு அப்போதே போய்விடக்கூடும். ஒலிபெருக்கியின் மின்வழங்கியில் உள்ள 63 வோல்ட், 10,000 மைக்ரோஃபாரட் மின்தேக்கியை, மின்இணைப்பைக் கழற்றிய பிறகு, இந்த மின்தடையால் ஒரு நிமிடம் வடித்தால் மின்னழுத்தம் அரை வோல்ட்டுக்கும் கீழே இறங்கிவிடும். அப்போதும் மல்டிமீட்டரால் ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது.

பாகத்தின் கால்களைத் தொடும் மூன்று சோதனை முனைகளையும் மூடிக்கு வெளியே கம்பியால் நீட்டுவதாயின் கம்பிகள் மூன்றும் குட்டையாகவும் ஒரே நீளத்திலும் இருக்கட்டும். பெட்டியை மூடியபின் மூன்று முனைகளையும் ஒன்றாக இணைத்து, பொத்தானை அழுத்தி, கருவியின் தன்சோதனையைத் தொடங்குங்கள். திரை கேட்கும்போது முனைகளைப் பிரிக்கவேண்டும். புதிய கம்பிகளின் மின்தடையும் மின்தேக்கமும் இவ்வாறு கழிக்கப்படாவிட்டால், சிறிய மின்தேக்கிகளின் மதிப்பும் பெரியவற்றின் உள்மின்தடையும் தவறாகவே தெரியும்.