ஹெப்டன்ஸ்டாலுக்கு நடந்தே ஏறுங்கள்

இங்கிலாந்துக் கிராமம் ஒன்று பார்க்க வேண்டும் என்று ஊரிலிருந்து வருகிற உறவினர்கள் கேட்கும்போது, பெரும்பாலும் அவர்கள் மனத்தில் இருப்பது காட்ஸ்வோல்ட்ஸ். தேன் நிறக் கல் வீடு, வாசலில் ரோஜாக் கொடி. நான் இருப்பது லீட்ஸில். அவ்வளவு தூரம் போக எனக்குப் பொறுமை கிடையாது. அதனால் வருகிறவர்களை எல்லாம் மேற்கு யார்க்‌ஷயரில் மலைச்சரிவின் மேல் இருக்கும் ஹெப்டன்ஸ்டாலுக்குத்தான் கூட்டிப் போகிறேன். இங்கே தேன் நிறமெல்லாம் இல்லை. வீடுகள் கரிப் பிடித்த கறுப்புக் கல். முதல் ஐந்து நிமிடம் முகம் சுளிப்பார்கள். அப்புறம் கிளப்புவதுதான் கஷ்டம்.

போகும் வழியிலிருந்து தொடங்குகிறேன். லீட்ஸுக்கும் மான்செஸ்டர் விக்டோரியாவுக்கும் இடையே ஓடும் ரயிலில் ஹெப்டன் பிரிட்ஜ் என்ற சிற்றூரில் இறங்க வேண்டும். லீட்ஸிலிருந்து முக்கால் மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூட ஆகும். மான்செஸ்டரிலிருந்து அதைவிடக் குறைவு. காலை நெரிசல் நேரம் முடிந்தபின் கிளம்பினால் டிக்கெட் மலிவு. இரண்டு பேர் சேர்ந்து வாங்கும் ரயில்கார்டு இருந்தால் மூன்றில் ஒரு பங்கு குறையும். காரில் போகலாமா என்று கேட்பவர்களுக்கு என் பதில், வேண்டாம். ஹெப்டன்ஸ்டாலுக்குள் இருப்பவை கல் பாவிய குறுகிய தெருக்கள். எதிரே ஒரு வேன் வந்தால் யார் பின்னால் போவது என்பதிலேயே பாதி நாள் போய்விடும். நிறுத்தும் இடத்துக்கு அங்கே குடியிருப்பவர்களே திண்டாடுகிறார்கள்.

ஹெப்டன் பிரிட்ஜிலிருந்து மேலே போக ஒரு குட்டி பஸ் உண்டு. ஒரு பயணத்துக்கு 3 பவுண்டுக்கு மேல் வாங்க மாட்டார்கள். முழங்கால் வலி உள்ளவர்கள் தயங்காமல் அதில் ஏறிவிடலாம். மற்றவர்கள் நடக்க வேண்டும் என்பதுதான் என் கட்சி. ஏறாமல் போனால் அந்த ஊர் ஏன் அங்கே இருக்கிறது என்பதே பிடிபடாது.

நடைபாதையின் பெயர் பட்ரஸ். ஹெப்டன் பிரிட்ஜ் நடுவே ஆற்றின் குறுக்கே 1510 வாக்கில் கட்டிய பழைய கல் பாலம் ஒன்று இருக்கிறது. அதைத் தாண்டியதும் பாதை தொடங்கிவிடும். செங்குத்தாக ஏறும், கல் பாவிய வழி. ஒரு காலத்தில் துணி மூட்டை சுமந்த பொதிக் குதிரைகள் போய்வந்தது இதில்தான். உச்சி வரை ஏறக்குறைய 150 மீட்டர் ஏற்றம். நிதானமாகப் போனால் அரை மணி. அந்தக் கற்கள் தேய்ந்து வழவழவென்று இருக்கும். மழை பெய்திருந்தால் எண்ணெய் தடவியதுபோல வழுக்கும். தட்டையான அடிப்பாகம் உள்ள ஷூ உதவாது, செருப்பு கூடவே கூடாது. மழை நாளில் பஸ்ஸில் ஏறிப் போய், காய்ந்தால் நடந்து இறங்கலாம். காயவில்லை என்றால் திரும்பவும் பஸ்தான்.

மூச்சு வாங்கும்போது நின்று கீழே பாருங்கள். 1643இல், உள்நாட்டுப் போரின்போது, நாடாளுமன்றப் படை மேலே ஊரைப் பிடித்துவைத்திருந்தது. மன்னரின் படை கீழிருந்து ஏறிவர, மேலே இருந்தவர்கள் பாறைகளை உருட்டிவிட்டே விரட்டிவிட்டார்கள். பாதியில் நின்று இளைக்கும்போது இந்தக் கதையைச் சொன்னால் யாரும் நம்பாமல் இருப்பதில்லை.

மேலே வந்ததும் தேவாலயத்துக்கு ஓடாதீர்கள். முதலில் வீடுகளின் மாடி ஜன்னல்களைப் பாருங்கள். போன கோடையில் வந்திருந்த மாமாவுக்கு, அதாவது என் மாமனாருக்கு, சென்னிமலை. ஆயுள் முழுக்கத் தறியோடு இருந்தவர். தெருவில் நின்று அண்ணாந்து பார்த்துவிட்டு, "ஏம்மா, இத்தனை ஜன்னல் எதுக்கு? இங்க வெயிலே அடிக்கறதில்லையே?" என்றார். பதிலை அவரே கேள்வியில் சொல்லிவிட்டார். வெயில் இல்லாததால்தான் அத்தனை ஜன்னல். குறுகலான ஜன்னல்கள், நடுவே கல் சட்டம் வைத்து, ஐந்து ஆறு என்று வரிசையாக ஒட்டிக்கொண்டிருக்கும். அவற்றின் பின்னால்தான் கைத்தறி ஓடியது. ஆண்கள் நெய்ய, பெண்களும் பிள்ளைகளும் கம்பளியைச் சிக்கெடுத்து நூல் நூற்றார்கள். ஒரு தறிக்கு நூல் கொடுக்கவே வீட்டில் பல கைகள் வேண்டியிருந்தது. "பாவு எங்க போட்டாங்க? தெரு இவ்வளவு சின்னதா இருக்கே" என்பது மாமாவின் அடுத்த கேள்வி. பாவு என்பது தறியில் ஏற்றுவதற்காக நீளமாக இழுத்துக் கட்டும் நூல்; நம் ஊரில் தெருவில் போடுவார்கள். மழை ஊரில் அதெல்லாம் வீட்டுக்குள்ளேதான். நெய்து அலசிய துணியை மட்டும் வெளியே மரச் சட்டங்களில் கொக்கி மாட்டி, இழுத்துக் கட்டிக் காய வைத்தார்கள்.

அந்தத் துணியைத் திருடினால் என்ன ஆகும் தெரியுமா? பக்கத்து ஹாலிஃபாக்ஸில், பதின்மூன்றரைப் பென்னியோ அதற்கு மேலோ மதிப்புள்ள பொருளைத் திருடிப் பிடிபட்டால் தலையை வெட்டும் வழக்கம் இருந்தது. அதற்கென்றே மேலிருந்து விழும் கோடரி பொருத்திய ஒரு மரச் சட்டம். கடைசியாக அது விழுந்தது 1650இல். பிரெஞ்சுக்காரர்கள் கில்லட்டின் கொண்டுவருவதற்கு ஒரு நூற்றாண்டுக்கும் முன்னால்.

அந்தக் காலத்தில் மேடுதான் ஊர். பள்ளத்தாக்கின் அடிப்பகுதி சேறும் காடுமாகக் கிடந்தது. பாதைகள் எல்லாம் மேலேயே போயின. பிறகு ஆற்றுத் தண்ணீரில் ஓடும் ஆலைகள் வந்தன, 1804இல் கால்வாய் முழுதாகத் திறந்தது, 1840களின் தொடக்கத்தில் ரயில் வந்தது. வேலை கீழே இறங்கிவிட்டது, ஆட்களும் இறங்கிவிட்டார்கள். ஹெப்டன் பிரிட்ஜ் பெருத்தது, ஹெப்டன்ஸ்டால் இருந்தபடியே நின்றுவிட்டது. புதிதாகக் கட்ட யாரிடமும் காசில்லை. அதனால்தான் பழையது இடிபடாமல் நமக்குப் பார்க்கக் கிடைக்கிறது. கல் கறுத்ததும் கீழே இருந்த ஆலைகளின் புகையால்தான்.

சரி, இப்போது தேவாலயம். ஒரே வளாகத்தில் இரண்டு. பழையது 13ஆம் நூற்றாண்டில் தொடங்கியது; 1847 புயலில் கோபுரம் சேதமாகி, இன்று கூரை இல்லாமல் சுவர்களும் வளைவுகளுமாக நிற்கிறது. பக்கத்திலேயே புதியதைக் கட்டி 1854இல் முடித்தார்கள். சுற்றிலும் தரை முழுக்கக் கல்லறைக் கற்கள் படுத்திருக்கின்றன. அவற்றின்மேல் நடந்துதான் போக வேண்டும், வேறு வழியில்லை. நடப்பது தப்பில்லை. ஆனால் அதில் உட்கார்ந்து டிபன் டப்பாவைத் திறப்பது நன்றாக இருக்காது. அதற்கு வெளியே பெஞ்சு இருக்கிறது.

இங்கே டேவிட் ஹார்ட்லியின் கல்லறையைத் தேடுங்கள். பக்கத்து கிராக் வேல் பள்ளத்தாக்கில் தங்கக் காசுகளின் ஓரத்தைச் சுரண்டி, சுரண்டிய தங்கத்தில் கள்ளக் காசு அடித்த கும்பலின் தலைவன். ஊரார் ராஜா என்றே அழைத்தார்கள். 1770இல் யார்க்கில் தூக்கிலிட்டார்கள். கல்லின் மேல் இன்றும் யாராவது சில்லறை வைத்துவிட்டுப் போகிறார்கள். எடுத்துவிடாதபடி குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

சந்துக்கு அந்தப் பக்கம் உள்ள புதிய இடுகாட்டில்தான் கவிஞர் சில்வியா பிளாத்தின் கல்லறை இருக்கிறது. 1963இல் லண்டனில் இறந்தவர். கணவர் டெட் ஹியூஸ் இந்தப் பள்ளத்தாக்கைச் சேர்ந்தவர் என்பதால் இங்கே அடக்கம். கல்லில் இருக்கும் கணவர் பெயரை, அவர் சாவுக்குக் கணவரையே குற்றம் சொல்லும் வாசகர்கள் பலமுறை உளியால் கொத்தியிருக்கிறார்கள்; அது பலமுறை திரும்பப் பதிக்கப்பட்டிருக்கிறது. பேனாக்களை வைத்துவிட்டுப் போவதும் உண்டு. அங்கே சமீபத்தில் அடக்கமானவர்களின் குடும்பத்தார் பூவோடு வந்துகொண்டே இருப்பார்கள். செல்ஃபியை அங்கே மட்டும் விட்டுவிடலாம்.

எண்கோண வடிவ மெதடிஸ்ட் தேவாலயம் ஒன்றும் உண்டு. 1764இல் கட்டியது. கதவு திறந்திருந்தால் உள்ளே போங்கள், ஒரு பவுண்டு உண்டியலில் போடுங்கள். புனித வெள்ளியன்று போனால் சதுக்கத்தில் பேஸ் எக் என்ற பழைய தெருக்கூத்தைப் பார்க்கலாம். அன்று கூட்டம் அள்ளும். அமைதி வேண்டுமானால் வேறு நாள் பாருங்கள்.

சாப்பாடு பற்றிப் பெரிதாக ஒன்றுமில்லை. பப்பில் மேஜையில் உட்கார்ந்து யாராவது வருவார்கள் என்று காத்திருந்தால் சாயங்காலம் ஆகிவிடும்; கவுண்டருக்குப் போய் நாமே சொல்லிப் பணம் கட்ட வேண்டும். சமையலறை மதியத்துக்குப் பின் மூடிவிடுவது சகஜம், சில கிழமைகளில் திறப்பதே இல்லை. முதலிலேயே பார்த்துக்கொள்ளுங்கள். நான் எப்போதும் எலுமிச்சை சாதமும் பிளாஸ்கில் டீயும் கொண்டுபோய்விடுகிறேன். கழிவறை வேலையை ஹெப்டன் பிரிட்ஜிலேயே முடித்துக்கொண்டு ஏறுவது நல்லது.

கால்களில் தெம்பு மிச்சமிருந்தால் வடக்குப் பக்கம் ஹார்ட்காசில் கிராக்ஸ் காட்டுக்கு இறங்கலாம். 1800 வாக்கில் கட்டிய கிப்சன் மில் அங்கே ஆற்றோரம் நிற்கிறது. மே மாதம் என்றால் மரத்தடி முழுக்க நீலமணிப் பூ. முழங்கால் உயரத்துக்குச் சருகு மேடு தெரிந்தால் அது எறும்புப் புற்று; குச்சியால் கிளறாதீர்கள். வழிக்கு, பிரிட்டனின் அரசு வரைபட நிறுவனமான ஆர்டனன்ஸ் சர்வேயின் ஓ.எல். 21 வரைபடம் போதும். பள்ளத்தில் போன் சிக்னலை நம்ப முடியாது. மஞ்சள் அம்பு இருந்தால் அது நடப்பவர்களுக்கான பொதுப்பாதை, தனியார் வயல் வழியே போனாலும் பயப்பட வேண்டாம். கேட் மூடியிருந்தால் மூடியே வைக்க வேண்டும், திறந்திருந்தால் திறந்தே விட வேண்டும். சுவர்களில் ஓர் ஆள் ஒடுங்கி நுழையும் அளவுக்குச் சின்ன இடைவெளி விட்டிருப்பார்கள். ஆடு நுழையாமல் இருக்கத்தான். பெரிய பையோடு போனால் நாமும் நுழைய மாட்டோம்.

ஜூனில் இரவு ஒன்பதரை வரை வெளிச்சம் இருக்கும். டிசம்பரில் நாலு மணிக்கு முன்பே இருட்டிவிடும், அப்போது பட்ரஸில் இறங்குவது ஆபத்து. கோடையிலும் ஒரு ஜாக்கெட் எடுத்துக்கொள்ளுங்கள். கீழே இல்லாத காற்று மேலே இருக்கும்.

திரும்பும்போது நேரம் இருந்தால் ஹாலிஃபாக்ஸில் இறங்குங்கள். ரயிலில் கால் மணி நேரம்தான். இங்கே நெய்த துணி விற்பனைக்குப் போன பீஸ் ஹால் அங்கே இருக்கிறது. 1779இல் திறந்தது, நடுவில் பெரிய முற்றம், சுற்றி 315 அறைகள். உள்ளே போகக் கட்டணம் இல்லை. லீட்ஸ் ரயில்களில் சில பிரிக்ஹவுஸ் வழியாகப் போகும், அதில் ஏறினால் ஹாலிஃபாக்ஸ் வராது. பிளாட்பாரத்துப் பலகையில் பிராட்ஃபோர்ட் வழி என்று போட்டிருக்கிறதா என்று பார்த்து ஏறுங்கள்.